அமிலமும் ஆளுமையும்

தனசிங்குக்குப் பேசத் தெரியாது என்பதைக் கல்லூரி கண்டுபிடித்தபோது, அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடம் முடிந்திருந்தது. அதுவரை இந்தக் குறை அவருக்கே தெரியாது.

கோவிலம்பாக்கத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவில், ஒரு காலத்தில் கத்தரிக்காய் விளைந்த நிலத்தில், இப்போது பட்டதாரிகளை விளைவித்துக்கொண்டிருக்கிறது செங்கேணி அம்மாள் கலை அறிவியல் கல்லூரி. அதன் வேதியியல் ஆய்வகத்தில் தனசிங் லேப் அட்டெண்டர். சீசா கழுவுவார், பர்னர் துடைப்பார், உப்புகளைப் பொட்டலம் கட்டி வைப்பார். ஆய்வகக் குழாயில் காலை எட்டு முதல் ஒன்பது வரைதான் தண்ணீர் வரும் என்பதால், ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இரண்டு பெரிய பிளாஸ்டிக் வாளிகளை நிரப்பி மூலையில் வைப்பார். இதெல்லாம் அவர் வேலை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்காததாலேயே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் முதலாமாண்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டை மடிப்பு கலையாமல் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். பேராசிரியர் வருவதற்குள் தனசிங் மேஜையைத் தட்டுவார்.

"இங்க பாருங்க கண்ணுங்களா. இது கூல்டிரிங்ஸ் கடை இல்ல, எதையும் வாய வெச்சு உறிஞ்சாதீங்க. ஆசிட்ல தண்ணிய ஊத்தாதீங்க. தண்ணிலதான் ஆசிட்ட ஊத்தணும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. மேல பட்டுச்சா, வெக்கப்படாத, யார்கிட்டயும் பர்மிஷன் கேக்காத. ஓடியாந்து இந்த வாளில கைய வுடு. கால்மணி நேரம் எடுக்காத. எரியுதுன்னு இன்னாத்தையாவது பூசிக்கினு நிக்காத. புரிஞ்சுதா? சரி, கோட்ட மாட்டு."

அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. பதினான்கு வருடத்தில் எத்தனையோ கைகள் அந்த வாளிக்குள் போயிருக்கின்றன. ஒரு கையும் தழும்போடு வெளியே வரவில்லை. ஆனால் இதற்குப் பேச்சு என்று பெயர் இருப்பது தனசிங்குக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பயந்துபோய் அப்போதே நிறுத்தியிருப்பார்.

அந்த ஜூனில் பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாள் சுற்றறிக்கை வந்தது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் குழு ஆகஸ்டில் வருகிறது. குழுவின் படிவத்தில் நூற்று எண்பத்தாறாவது கேள்வி இது: 'ஆசிரியரல்லாத பணியாளர்கள் வகுப்பறையில் அறிவுப் பகிர்வு செய்கிறார்களா?' ஆம் என்றால் ஒன்றரைப் புள்ளி. அந்த ஒன்றரைப் புள்ளிக்காக, ஒப்பந்தத்தில் இருக்கும் ஒவ்வொரு பணியாளரும் ஏழு நிமிடம் 'பயன்மிகு வகுப்பறை உரை' ஆற்ற வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து எடுத்தால் வேலை நிரந்தரம். எடுக்காவிட்டால் ஆள் சப்ளை ஏஜென்சிக்கு மாற்றம். கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது: அங்கீகரிக்கப்பட்ட உரை தவிர வேறெதையும் பணியாளர்கள் மாணவரிடம் பேசக் கூடாது.

ஏஜென்சிக்கு மாறுவது என்றால் என்ன என்று தனசிங்குக்கு நன்றாகத் தெரியும். வாட்ச்மேன் ஏகநாதன் போன வருடம் மாறினார். அறுபது வயது மனிதர், இப்போது வேளச்சேரியில் ஒரு துணிக்கடை வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே சல்யூட் அடிக்கிறார். கால் வீங்கி, செருப்பு இரண்டு சைஸ் ஏறிவிட்டது.

"ஏழு நிமிசந்தானே? வூட்ல என்கிட்ட ஏழு மணி நேரம் பேசுறீங்க. பேசிட்டு வாங்க" என்றாள் மனைவி புஷ்பம்.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். தனசிங் மேஜையைத் தட்டவில்லை. மேல்சட்டைப் பையில் சுற்றறிக்கை இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வாளிப் பக்கமாக விரலை மட்டும் நீட்டினார். கை கழுவத்தான் சொல்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

உரைத்திறன் மேம்பாட்டு மையம் இரண்டாவது மாடியில், முன்பு நூலகம் இருந்த அறையில் இருந்தது. இயக்குநர் முனைவர் தோத்தாத்ரி. வணக்கம் சொன்ன பிறகு அடுத்த வார்த்தைக்கு முன் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதை ஆறு வருடம் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அந்த இடைவெளியை அவர் வாழ்க்கையிலும் கடைப்பிடித்தார்.

"வணக்கம்" என்றார் தோத்தாத்ரி. பிறகு ஜன்னலைப் பார்த்தார். போய்விடச் சொல்கிறாரோ என்று தனசிங் எழுந்திருக்கப் போகும்போது, "உக்காருங்க. டாபிக் என்ன?" என்றார்.

தனசிங் படிவத்தை நீட்டினார். தலைப்பு என்ற இடத்தில் 'ஆசிட் மேலே பட்டால் என்ன செய்வது' என்று எழுதியிருந்தார்.

தோத்தாத்ரி அதைப் படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். "மிஸ்டர் தனசிங், இதுல ஒரு நெகட்டிவிட்டி இருக்கு. ஆசிட் மேல பட்டால்னு நீங்க சொன்னா, நம்ம காலேஜ்ல ஆசிட் மேல படும்னு ஆகுது இல்லையா?"

"படும் சார்."

"படக்கூடாது. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல இருபது வருஷமா ஜீரோ."

"அந்த ரிஜிஸ்டர் எங்க சார் கீது? நான் பார்த்ததே இல்லையே."

"இன்னும் வாங்கல. அதனாலதான் ஜீரோவா இருக்கு" என்றார் தோத்தாத்ரி, ஒளிவு மறைவில்லாமல். தலைப்பின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து, கீழே 'அமிலமும் ஆளுமையும்' என்று எழுதினார். எழுதியதைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தார். "கேட்கவே எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க."

"இதுல இன்னா சார் பேசணும்?"

"அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. பொருளுக்கு அஞ்சு மார்க்குதான்."

மதிப்பெண் தாளைக் காட்டினார். விளிப்புக்கு நாற்பது, உடல்மொழிக்கு இருபது, புன்னகைக்குப் பதினைந்து, நேரத்துக்குப் பத்து, நன்றிக்குப் பத்து, பொருளுக்கு ஐந்து. பொருள் சிறப்பாக இருந்து மற்றவை சுமாராக இருந்தவர்கள் யாரும் இதுவரை தேறியதில்லை என்று ஒரு வரைபடமும் வைத்திருந்தார்.

விளிப்பு என்பது மேடையிலும் மேடைக்கு வெளியிலும் உலகத்துக்கு வெளியிலும் இருப்பவர்களைப் பெயர் சொல்லி வணங்குவது. கல்லூரிக்குப் பெயர் கொடுத்த மறைந்த செங்கேணி அம்மாளில் தொடங்கி, தாளாளர் தசரதன், அவர் மனைவி, மகன், மருமகள், மருமகளின் அப்பா, முதல்வர், துறைத்தலைவர்கள் என்று மொத்தம் முப்பத்தோரு பேர். ஒவ்வொருவருக்கும் பட்டம் உண்டு. 'கல்விக்கடல்' தாளாளர். 'கல்விக்கரை' அவர் மனைவி. இதில் ஒரு சிக்கல் இருந்தது. தாளாளரின் தம்பி பாலு, கல்லூரி நிலத்தில் பாதி தனக்கு என்று செங்கல்பட்டில் வழக்குப் போட்டிருந்தார். வழக்கு முடியும்வரை இருவரும் சமம் என்பது இடைக்கால ஏற்பாடு. ஆகவே அண்ணன் பெயரையும் தம்பி பெயரையும், பட்டங்களோடு சேர்த்து, நடுவில் மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். மூச்சு விட்டால் முதலில் சொன்னவருக்கு முன்னுரிமை கொடுத்ததாகிவிடும்.

தனசிங் அன்றைக்கே பாடத்தைத் தொடங்கினார். புஷ்பம் அடுப்படியில் நின்றுகொண்டு செல்போனில் நேரம் பார்த்தாள்.

"கல்விக்கடல் கொடைக்கொண்டல் ஏரிகாத்த ஏந்தல் எங்கள் தாளாளர் திருமிகு தசரதன் அவர்களே…"

"மூச்சு விட்டுட்டீங்க."

"ஏரிகாத்த ஏந்தல்லியே காத்து தீர்ந்துபூடுது புஷ்பம்."

"அந்த ஆளு எந்த ஏரிய காத்தாரு? ஏரிலதானே பிளாட்டு போட்டாரு?"

"அத பத்தியெல்லாம் நமக்கு இன்னா. நேரம் பாரு."

முப்பத்தோரு பேரும் முடிய நாலு நிமிடம் பத்து வினாடி ஆனது. தொடக்கப் பொன்மொழிக்கு அரை நிமிடம், கட்டாய நகைச்சுவைக்கு இருபது வினாடி, நன்றிக்கு ஒரு நிமிடம் இருபது. புஷ்பம் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். அமிலத்துக்கும் ஆளுமைக்கும் சேர்த்து நாற்பது வினாடி மீந்தது. அதிலும் கைதட்டலுக்காக நிறுத்த வேண்டிய பதினைந்தைக் கழிக்க வேண்டும்.

"இருபத்தஞ்சு வினாடி கீதே" என்றார் தனசிங், நம்பிக்கையாக. "ஆசிட்ல தண்ணி ஊத்தாத, பட்டா வாளில கைய வுடு. இத சொல்லிட்டா போதும். பாக்கி எவனுக்கு வணக்கம் சொன்னா இன்னா."

இந்த இருபத்தைந்து வினாடியைத்தான் அடுத்த ஆறு வாரம் தோத்தாத்ரியின் சிவப்புப் பேனா மேய்ந்தது. 'எரியும்' என்ற சொல் பீதியூட்டுவது. அது 'சற்றே வெப்ப உணர்வு' ஆனது. 'ஓடி வா' என்பது கட்டளை. 'விரைந்து முன்னேறுவோம்' ஆனது. 'வாளி' பிளம்பர் சம்பந்தப்பட்ட சொல், பட்டமளிப்பு நிறுவனத்துக்குப் பொருந்தாது. 'தண்ணீர்' விஷயத்தில் தாளாளர் அலுவலகத்திலிருந்தே ஆட்சேபம் வந்தது. தண்ணீர் என்று சொன்னால் குழு குழாயைத் திறந்து பார்க்கும், குழாயைத் திறந்தால் காற்று வரும். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகக் கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "அமிலம் நமக்கு உணர்த்துவது ஆளுமை. ஆளுமை நமக்கு உணர்த்துவது அமிலம். சற்றே வெப்ப உணர்வு தோன்றினாலும், விரைந்து முன்னேறுவோம்."

"சார், இத கேட்டா பசங்களுக்கு ஒண்ணும் புரியாதே."

"புரியறதுக்கு அவங்களுக்கு மார்க் கிடையாது. கேட்கறதுக்குத்தான் உண்டு" என்றார் தோத்தாத்ரி.

அது உண்மை. கேட்போர் பயிற்சி என்று பக்கத்து அறையில் தனியாக வகுப்பு நடந்தது. முதலாமாண்டு வேதியியல் மாணவர் நாற்பத்தெட்டுப் பேருக்கும் தலையாட்டலுக்கு மூன்று, வியப்புக்கு இரண்டு என்று அகமதிப்பீட்டு மதிப்பெண். முதல் பெஞ்சுக்கு கோவிலம்பாக்கத்துப் பெண் தீபாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணை அகலமாகத் திறந்து, பேசுபவரையே பார்த்து, சரியான இடத்தில் தலையாட்ட அவளால் முடிந்தது. அவள் அப்பா பல்லாவரத்தில் தோல் பட்டறைத் தொழிலாளி. வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். சொன்னதைச் செய்தால் தேறலாம் என்று உறுதியாக நம்பினாள்.

ஒத்திகையில் அசம்பாவிதம் நடந்தது. 'ஏரிகாத்த ஏந்தல்' தாண்டியதும் தனசிங்குக்கு இருமல் வந்துவிட்டது. அண்ணன் பெயர் ஒரு மூச்சிலும் தம்பி பெயர் அடுத்த மூச்சிலும் விழுந்தன. பாலு எழுந்து வெளியே போனார். மறுநாள் அவருடைய வக்கீலிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. இருமலுக்கு எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்டு முதல்வர் மெமோ கொடுத்தார். 'தொண்டையில் கரகரப்பு, உள்நோக்கம் இல்லை' என்று தனசிங் எழுதிக் கொடுத்தார். மருத்துவச் சான்றிதழ் இணைக்கச் சொன்னார்கள். இணைத்த பிறகு, விளிப்பு மறுதேர்வு என்று தனியாக ஒன்று வைத்தார்கள்.

மனிதர் வேறு எதையும் செய்வதில்லை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய மிக்ஸி ஜார் பார்க்கப் போனபோதும் ஒரே மூச்சில் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். கடைக்காரன் ஜாரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா அண்ணே, மூச்சு வாங்குது? இப்டி குந்து, சோடா வாங்கியாரவா?" என்றான். தனசிங் கையைத் தூக்கி அவனைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தம்பி பெயர்வரை சொல்லி முடித்த பிறகுதான் ஜாருக்கு விலை கேட்டார்.

குழு வருகிற நாள் காலையில் தோத்தாத்ரி ஆய்வகத்துக்கு வந்தார். மூலையில் நின்ற இரண்டு வாளிகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது என்ன, கல்யாண வீட்டுப் பின்கட்டு மாதிரி?"

"ஆசிட் பட்டா கைய வைக்க சார்."

"குழு பார்த்தா ஏன் வாளினு கேட்கும். தோட்டத்துக்கு அனுப்புங்க. புதுசா நட்ட அசோகா கன்னுக்குத் தண்ணி இல்லைன்னு தாளாளர் கோவமா இருக்கார்."

வாளிகள் போயின. தனசிங்தான் தூக்கிக்கொண்டு போனார்.

வகுப்பறை உரை, வகுப்பறையில்தான் நடந்தது. கரும்பலகையை மறைத்துப் பேனர் கட்டியிருந்தார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, ரோஜா இதழ் எல்லாம் வந்திருந்தன. குழுவினர் மூன்று பேர் முந்திரிப் பருப்பைத் தட்டோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தாளாளர் தசரதன், பேச்சுக் கலையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதாகச் சொல்லி எழுந்தார்.

"நான் நாலாங்கிளாஸ் தாண்டல. ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கி முப்பது டாக்டர் பட்டம் எங்கிட்ட கைய கட்டிக்கினு நிக்குது. எப்டி? பேச்சு! அப்பல்லாம் ஒரு பிளாட்ட காட்டி 'மழக்காலத்துல தண்ணி நிக்குமா'னு கேப்பான். நிக்காதுனு சொல்வேன். நின்னுதா இல்லியான்றது வேற விசயம். சொல்ற எடத்துல கண்ணப் பார்த்து சொல்லணும். அதான் இந்த காலேஜோட அஸ்திவாரம். பசங்களா, பேச்சுனா சுருக்கமா இருக்கணும்" என்று ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். தீபா எல்லா இடத்திலும் தலையாட்டினாள். தாளாளர் பேச்சுக்கு மதிப்பெண் உண்டா என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்டினாள்.

பிறகு தனசிங். அன்றைக்கு அவர் மூச்சு கர்த்தர் கிருபையால் நின்று கொடுத்தது. கல்விக்கடலும் அவர் தம்பியும் ஒரே இழுப்பில் கரையேறினார்கள். பாலு கால்மேல் போட்டிருந்த காலை இறக்கி வைத்தார். நகைச்சுவைக்கு மூன்றாவது வரிசை சிரித்தது, அவர்களுக்குத்தான் அந்தப் பொறுப்பு. அப்புறம் அந்த இருபத்தைந்து வினாடி வந்தது.

தனசிங் நாற்பத்தெட்டு முகத்தையும் பார்த்தார். இரண்டு மாதமாக இந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரம் இவர்கள் அடர் அமிலத்தைக் கையில் எடுக்கப்போகிறார்கள். 'கண்ணுங்களா' என்ற சொல் தொண்டைவரை வந்தது. தோத்தாத்ரி பேனாவைத் தாளின் மேல் நிறுத்தி வைத்திருந்தார். ஏகநாதனின் வீங்கிய கால் ஞாபகம் வந்தது. முன்தினம் புஷ்பம், நிரந்தரமானால் கைவைத்தியத்தை விட்டு ஒரு நல்ல டாக்டரிடம் தன் முழங்காலைக் காட்டலாம் என்று சொன்னது ஞாபகம் வந்தது.

"அமிலம் நமக்கு உணர்த்துவது ஆளுமை" என்றார் தனசிங்.

தீபா வியந்தாள். கைதட்டல் சரியாகப் பதினைந்து வினாடி நீடித்தது.

தொண்ணூற்றாறு மதிப்பெண். பொருளுக்கு ஐந்துக்கு ஐந்து. குழு ஒன்றரைப் புள்ளியைக் கொடுத்துவிட்டு, முந்திரி எங்கே வாங்கியது என்று விசாரித்துவிட்டுப் போனது. தனசிங்கின் வேலை நிரந்தரமாயிற்று. இவ்வளவு நன்றாகப் பேசுகிற மனிதரைச் சீசா கழுவ விடுவது அநியாயம் என்று தோத்தாத்ரி வாதாடி, இரண்டாவது மாடிக்கே அவரை உரைத்திறன் உதவியாளராக எடுத்துக்கொண்டார். ஆய்வகத்துக்கு ஏஜென்சியிலிருந்து மெர்வின் என்று ஒருவர் வந்தார். யாரிடமும் பேசக் கூடாது என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

தனசிங் ஒரு நாள் கீழே போய் மெர்வினிடம் வாளி விஷயத்தைச் சொல்லிவிட்டு வர நினைத்தார். நிரந்தரப் பணியாளர் ஏஜென்சி ஆளிடம் நேரடியாகப் பேசக் கூடாது, ஏஜென்சி வழியாகத்தான் பேச வேண்டும் என்றார்கள். கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதம் ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ரசீதும் வந்தது.

செப்டம்பர் இரண்டாவது வாரம், பிற்பகல் வகுப்பில், தீபா அமிலம் இருந்த பீக்கரில், ஒரு சின்ன சீசாவிலிருந்த தண்ணீரை ஊற்றினாள். அது சீறி எழுந்து அவள் வலது கையில் விழுந்தது. குழாயைத் திறந்தார்கள், காற்று வந்தது. யாரோ பற்பசை பூசினார்கள், யாரோ கைக்குட்டையால் சுற்றினார்கள். மெர்வின் வாயைத் திறக்காமல் ஆபீசுக்கு ஓடினார். கல்லூரி வண்டி வருவதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது.

உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை.

கல்லூரி உடனே நடவடிக்கை எடுத்தது. வெளியே தவறான பேச்சு பரவாமல் இருக்க, சரியான பேச்சு ஒன்று தேவைப்பட்டது. தீபாவே வகுப்பில் ஏழு நிமிடம் உரையாற்ற வேண்டும், தலைப்பு 'சோதனையிலும் சாதனை'. தன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய நிர்வாகத்துக்கு அதில் நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் விட்டுப்போன செய்முறைத் தேர்வுக்கு முழு மதிப்பெண். அவளைத் தயார் செய்யும் பொறுப்பு தனசிங்கிடம் வந்தது.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். தனசிங்கால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. மேஜையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீங்க பேசுன அன்னிக்கு நான் ஃபர்ஸ்ட் பெஞ்சு" என்றாள் தீபா. குற்றம் சொல்கிற குரல் இல்லை, ஞாபகப்படுத்திக்கொள்கிற குரல்தான். "ஃபுல்லா கேட்டேன். அதுல தண்ணி பத்தி ஏதாவது சொன்னீங்களாண்ணா? நான்தான் கவனிக்கலையோனு நெனச்சு நெனச்சு பாக்கறேன்."

"நீ கவனிச்சம்மா. நான் சொல்லல" என்றார் தனசிங். ராத்திரியெல்லாம் தூங்காமல் இதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதிக் கொடுத்திருந்த தாளை அவள் இடது கையால் அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்ப நான் சொல்லிடட்டுமாண்ணா? கடைசில ஒரே ஒரு வரி. ஆசிட் பட்டா மொதல்ல தண்ணில கைய வைக்கணும்னு டாக்டர் சொன்னாரு. எங்க கிளாஸ்ல இன்னும் யாருக்கும் தெரியாது."

தனசிங் தாளைப் பார்த்தார். விளிப்பு நாலு நிமிடம் பத்து வினாடி. வண்டிக்கு நன்றி, டிரைவருக்கு நன்றி, வண்டி வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தோத்தாத்ரி யாருக்கோ வணக்கம் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தார். தனசிங் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

"நேரம் பத்தாதும்மா" என்றார். "வணக்கத்துலேர்ந்து ஆரம்பி."